நீலக் கானும் உப்புக்கொத்தியும்

வடக்கே, மண் முடிந்து கடல் தொடங்குகிற ஓர் ஊரில், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கரையிலேயே ஒரு கண்காட்சி நடக்கும். ஆனி மாதம், ஏழு நாள். கடல் கொண்டுவந்து எறிந்த சாமான்களை எடுத்து, கட்டி, வளைத்து, நிமிர்த்தி, சிற்பங்களாக நிறுத்தி வைப்பார்கள். கடலுக்கு நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று சனங்கள் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம். கொழும்பிலிருந்தும் பஸ் வரும். ஐஸ்கிரீம் வானும் வரும்.

ஊர்ச் சனத்தை விடக் கரையில் கிடந்த சாமான்களுக்குத்தான் அவசரம். சித்திரை பிறந்தால் போதும், எல்லாம் சந்தோசப் புளுகத்தில் நிலைகொள்ளாமல் கிடக்கும். ஒற்றைச் செருப்பு தன் வாரைச் சரி பார்க்கும். கிழிந்த நைலோன் வலை காற்றடிக்கும்போதெல்லாம் எழும்பி எழும்பி ஆடிக் காட்டும். தலைக்கவசம் ஒன்று மழைத்தண்ணீரை ஊற்றிவிட்டு முகம் நிமிர்த்தி இருக்கும்.

கண்காட்சியை நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஜெயசீலி பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். தவயோகன் இரும்பு ஒட்டுகிற வேலை செய்கிறவன், அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். எதை எடுப்பது, எங்கே வைப்பது என்று இவர்கள்தான் தெரிவு செய்வார்கள்.

அவர்களிடம் சில முறைகள் இருந்தன. இரண்டு பேருக்கும் பிடித்தால்தான் ஒரு சாமான் தெரிவாகும். தெரிவானதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவார்கள். திறப்புக்கு முதல் நாள் வரை அதை அசைக்க மாட்டார்கள். வெயிலில் உக்கி உடைகிற பிளாஸ்ரிக்கை இழுக்க மாட்டார்கள், ஏனென்றால் அது தூளாகி மணலோடு கலந்துவிட்டால் பிறகு ஒருவராலும் பொறுக்க முடியாது. எல்லாவற்றிலும் சிறந்த ஒன்றுக்கு, நடுவில் சீமெந்து மேடை.

அந்த மேடைக்காகக் காத்துக் கிடந்தது ஒரு நீலக் கான்.

இருபது லீற்றர் பிடிக்கிற பிளாஸ்ரிக் தண்ணீர்க் கான் அது. எந்தக் கப்பலிலிருந்து விழுந்தது என்று அதற்கே மறந்துபோய்விட்டது. அரைவாசி மணலில் புதைந்து, தலை சரிந்து நின்றது. வந்து நான்கு வருடம். அது வந்த வருடத்துக் கண்காட்சிக்குத் தவயோகன் அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று எங்கள் வீட்டுக் குசினியிலும் கிடக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனான். இரண்டாவது தடவை கடல் ஒதுக்கிய பாசி, சாதாளை என்று ஊரில் சொல்வார்களே, அது குவிந்து கானை மூடிவிட்டது. ஒருவரும் காணவில்லை.

இது மூன்றாவது தடவை. இப்போது கான் அழகாக இருந்தது. வெயில் பட்ட பக்கம் பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளிறியிருந்தது. மறுபக்கம் இன்னும் நல்ல நீலம். கழுத்தைச் சுற்றிக் கடலில் இருந்தபோது ஒட்டிய வெள்ளைச் சிப்பிகள் மாலை போட்டது போல் இருந்தன. ஆனால் மத்தியானங்களில் அதன் உடம்புக்குள் பட், பட் என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அடுத்த கண்காட்சி வரைக்கும் தான் முழுதாக இருக்கப் போவதில்லை என்று கானுக்குத் தெரியும். அதனால் இந்த ஆனியை விட்டால் அதற்கு வேறு ஆனி இல்லை.

இந்த நேரம் பார்த்து ஓர் உப்புக்கொத்தி வந்தது. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய, மணல் நிறமான கரைப்பறவை. குச்சிக் கால்களால் ஓடி ஓடி, கானின் நிழல் விழுகிற இடத்தில் நெஞ்சால் மணலை அமுக்கி ஒரு குழி செய்தது. கூடு என்று வேறு ஒன்றும் இல்லை. அதில் மூன்று முட்டைகளை இட்டது. புள்ளி புள்ளியாய், பார்த்தால் மூன்று கல்லுகள்.

கானுக்குப் பிடிக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போய் இடக்கூடாதோ? நான் மேடைக்குப் போற ஆள்."

"உன்ரை நிழலைத்தான் எடுத்தனான். உன்னைக் கேக்கேல்லை," என்றது உப்புக்கொத்தி.

ஒற்றைச் செருப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மேடை கிடைக்க முதலே கானுக்குக் குடும்பம் கிடைத்துவிட்டது என்று வலையிடம் சொன்னது.

தெரிவு செய்கிற நாள் வந்தது. ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை திறப்பு. ஜெயசீலி கழுத்தில் கமராவோடும் தவயோகன் கையில் நூற்பந்தோடும் கரை வழியே நடந்து வந்தார்கள். சாமான்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன. வலைக்கு நூல் கட்டியாயிற்று. செருப்புக்கும் கட்டியாயிற்று. சோடி இல்லாதவனுக்கும் ஒரு காலம் வரும் என்று அது கத்திக்கொண்டே கிடந்தது.

அவர்கள் கானுக்குக் கிட்ட வர, உப்புக்கொத்தி முட்டையை விட்டு எழும்பி ஓடியது. கொஞ்சத் தூரம் ஓடி, ஒரு சிறகை விரித்து மணலில் இழுத்தது. விழுந்தது. எழும்பியது. மறுபடியும் விழுந்து, நோகிற மாதிரிக் கீச்சிட்டது.

ஜெயசீலி அப்படியே நின்றுவிட்டாள்.

"தவம், பாரடா. சிறகு முறிஞ்சு போச்சு அதுக்கு."

வலை ஏதும் சுற்றியிருக்கும் அக்கா என்று அவன் சொன்னான். ஜெயசீலிக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு கையும் பரபரத்தது. கமராவைத் தூக்கிக்கொண்டு பறவைக்குப் பின்னால் போனாள். அவள் கிட்டப் போனால் அது எழும்பி நொண்டி ஓடும். அவள் நின்றால் அதுவும் விழுந்து கிடந்து அவளைப் பார்க்கும். இப்படியே கால் மைல் தூரம் கூட்டிக்கொண்டு போய், பிறகு சும்மா ஒரு பறவை மாதிரிப் பறந்து போய்விட்டது. ஜெயசீலி அந்தப் பறப்பைக் காணவில்லை. எடுத்த படங்களைக் கமராவில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் தவயோகன் கானைக் கண்டுவிட்டான். குனிந்தான். சிப்பி மாலையைத் தடவினான். வெளிறிய பக்கம் போய் நின்றான், நீலப் பக்கம் வந்து நின்றான்.

"சீலி அக்கா, ஓடி வாங்கோ. எங்கடை மேடைக்காரர் இஞ்சை நிக்கிறார்."

அவள் வந்து பார்த்தாள். வாயில் கை வைத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கானில் கை வைத்தார்கள். கைபிடியில் சிவப்பு நூல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். காலடியில் கிடந்த மூன்று கல்லுகளை இரண்டு பேரும் காணவில்லை. தவயோகனின் செருப்பு ஒரு சாண் தள்ளித்தான் பதிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு கரையே திருவிழாவாகிவிட்டது. வலை துள்ளியது. தலைக்கவசம் தாளம் போட்டது. செருப்பு, மேடைக்குப் போனாலும் எங்களை மறக்கக்கூடாது, மேலே நின்று ஒரு தரம் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியது. கானுக்கு உடம்பெல்லாம் காற்று நிறைந்த மாதிரி இருந்தது. நான்கு வருடம். நான்கு வருடம் நின்றதற்கு இன்றைக்குத்தான் ஓர் அர்த்தம் வந்தது.

உப்புக்கொத்தி திரும்பி வந்து முட்டைகளின் மேல் இருந்தது. சிவப்பு நூலைப் பார்த்தது.

"எப்ப போறாய்?"

"வியாழக்கிழமை," என்றது கான். குரலை எவ்வளவு அடக்கியும் சந்தோசம் வழிந்தது.

உப்புக்கொத்தி தலையைத் திருப்பி நிழலின் விளிம்பைப் பார்த்தது. அந்தப் பார்வைதான் கானுக்கு உறுத்தியது.

"உனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"பத்து."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல வெயில். கான் அன்றைக்குத்தான் முதல்முதலாய் அந்தப் பறவை செய்கிற வேலையைப் பார்த்தது. நிழல் சுருங்கி ஒரு முட்டை வெளியில் தெரிகிற நேரம், உப்புக்கொத்தி கடலுக்குப் பறக்கும். நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் நனைக்கும். ஈரம் காய முதல் பறந்து வந்து, அந்த நனைந்த இறகுகளை முட்டைகளின் மேல் ஒற்றும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நெற்றியில் துணி போடுவாளே, அப்படி. பிறகு மறுபடியும் கடலுக்கு. நிழல் இருக்கும்போதே இவ்வளவு வேலை.

"நான் போன பிறகு என்ன செய்வாய்?" என்று கான் கேட்டது.

"இன்னும் கூடத் தரம் நனைஞ்சு வருவன்."

"நீ கடலுக்குப் போன நேரம்?"

"அந்த நேரம் வெயில் படும்," என்றது உப்புக்கொத்தி. வேறு விதமாய்ச் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

கான் கோபப்பட்டது. உன்னை இங்கே வந்து இடு என்று நானா சொன்னேன், எனக்கும் ஒரே ஒரு ஆனிதானே இருக்கிறது என்று கத்தியது. உப்புக்கொத்தி மறுத்துக் கதைக்கவில்லை. ஓம், உனக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் நனையப் போய்விட்டது. வலை கானுக்குச் சமாதானம் சொன்னது. நீ என்ன அந்த முட்டைகளுக்குத் தகப்பனா, ஒருவரும் உன்னைக் குறை சொல்ல முடியாது என்றது. செருப்பு வழக்கம் போல் பகிடி விடப் பார்த்தது. பாதியில் நிறுத்திவிட்டது.

புதன்கிழமை ஜெயசீலியும் தவயோகனும் ஒரு பெரிய மீன்கூடையோடு வந்தார்கள். காயம்பட்ட பறவையைப் பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது அவர்கள் எண்ணம். ஜெயசீலி எடுத்த படத்தைப் பன்னிரண்டு அடி அகலத்தில் அச்சடிக்கக் கொடுத்துவிட்டாள். கண்காட்சி வாசலில் வைக்கப் போகிறாள். தலைப்பும் யோசித்துவிட்டாள். "சிறகொடிந்த வடக்கு." அதைச் சொல்லும்போது அவளுக்கே மயிர் கூச்செறிந்தது.

உப்புக்கொத்தி அன்றைக்குத் திங்கட்கிழமையை விட நன்றாக விழுந்தது. இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கரை முழுக்க ஓடினார்கள். கொஞ்சம் தள்ளிப் பாயில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த லூர்த்து அக்கா அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

அந்த ஒரு மணித்தியாலமும் முட்டைகளுக்குத் தாய் இல்லை. கான் மட்டும் நின்றது. தன் நிழல் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் அது பார்த்தது. சரிந்த தலையை இன்னும் கொஞ்சம் சரித்தால் மூன்றாவது முட்டையும் நிழலுக்குள் வரும். மணலை நெரித்து, பட் என்று ஒரு சத்தம் வர, கொஞ்சம் சரிந்தது. மூன்றாவது முட்டையும் உள்ளே வந்தது.

வியாழக்கிழமை தவயோகன் தனியாகத் தள்ளுவண்டியோடு வந்தான். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். உப்புக்கொத்தி எழும்பி ஓடி விழுந்தது. அவன் பார்த்துவிட்டு, உன்னைப் பிறகு பார்க்கிறேன் என்று சொல்லிக் கானுக்கு நேரே வந்தான். பறவை இன்னும் கிட்ட வந்து விழுந்தது. அவன் திரும்பவே இல்லை. சிவப்பு நூல் கட்டிய கைபிடியை இறுக்கிப் பிடித்தான்.

"வாங்கோ ஐயா, மேடைக்குப் போவம்," என்றான்.

அந்தக் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. நான்கு வருடத்தில் ஒருவரும் கானோடு அப்படிக் கதைத்ததில்லை. செருப்பும் வலையும் போ, போ என்று கத்தின. கானுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. மேடை, சனங்கள், கமராக்கள், கடலைப் பார்த்துக்கொண்டு உயரத்தில் நிற்பது.

தவயோகன் இழுத்தான்.

கான் நான்கு வருட வெயிலையும் ஒரே மூச்சில் நினைத்துக்கொண்டது. நினைத்துக்கொண்டு, கைபிடியை விட்டுவிட்டது.

டக் என்று கைபிடி தனியாக அவன் கையோடு வந்தது. அவன் பின்பக்கமாய் மணலில் விழுந்தான். எழும்பிக் கானைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட இடத்தில் ஒரு வெடிப்பு ஓடியது. உடனே கையை எடுத்துவிட்டான். உடைகிறதை இழுப்பதில்லை என்ற முறை அவனே எழுதியது. கைபிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னப் பிள்ளை பட்டத்தை விட்டுவிட்டு நூலோடு நிற்கிற மாதிரி இருந்தது அவன் முகம். பிறகு அதை மட்டும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். பாட்டு இல்லை.

உப்புக்கொத்தி ஓடி வந்து முட்டைகளின் மேல் இருந்தது. நன்றி சொல்ல அதற்கு நேரமில்லை, மணல் சுட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கண்காட்சி திறந்தார்கள். என்ன சனம். பஸ்ஸில் வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒலிபெருக்கி, பலூன். வலை ஒரு பெரிய மீனாகி அந்தரத்தில் தொங்கியது. செருப்பை நூறு செருப்புகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அது சோடி தேடுவதை விட்டுவிட்டு எல்லாரோடும் கதைத்துக்கொண்டிருந்தது. சீமெந்து மேடையில் சிவப்பு நூல் கட்டிய கைபிடி மட்டும் நின்றது. சனங்கள் அதைச் சுற்றி நின்று இது என்னவாயிருக்கும் என்று வாக்குவாதப்பட்டார்கள். வாசலில் பன்னிரண்டு அடிப் படம். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் அழுதாள்.

லூர்த்து அக்கா கருவாட்டு மணத்தோடு வந்து அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்தாள். தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு ஜெயசீலியைத் தோளில் தட்டினாள்.

"பிள்ளை, இதுக்குச் சிறகு ஒடியேல்லை. இது நடிக்குது."

"நடிக்குதோ?"

"ஓம். ஒடிஞ்ச மாதிரிக் காட்டினால் நீங்கள் அதுக்குப் பின்னாலை போவியள். அது எங்கையோ முட்டையை வைச்சிருக்கு. உங்களை அங்காலை கூட்டிக்கொண்டு போறதுக்குத்தான் இந்த நொண்டல் எல்லாம்."

ஜெயசீலிக்கு முகம் செத்துப்போனது. பன்னிரண்டு அடிக்கு அச்சடித்திருக்கிறாள். பார்த்த சனம் எல்லாம் பாவம், பாவம் என்று சொல்லிக்கொண்டு போகிறது. முறிந்தது என்று அவள் ஊருக்கெல்லாம் காட்டிய சிறகு, முறியாமல் ஒன்றைக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் அது எங்கேயிருந்து எழும்பி ஓடியது என்று யோசித்தாள். உடனே கரை வழியே விறுவிறு என்று நடந்தாள்.

உப்புக்கொத்தி எழும்பி ஓடி விழுந்தது. இந்தத் தடவை அவள் அதற்குப் பின்னால் போகவில்லை. அது எழும்பிய இடத்தைப் பார்த்தாள். கைபிடி இல்லாத கான், வெடித்த உடம்போடு சரிந்து நின்றது. அதன் நிழலில் மூன்று கல்லுகள். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால்.

அவள் அப்படியே குந்திவிட்டாள். கானைப் பார்த்தாள், முட்டைகளைப் பார்த்தாள். செய்து வைத்த எல்லாச் சிற்பங்களையும் விட இது பெரியது என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படி ஒன்றை எத்தனை வருடமாய்த் தேடியிருப்பாள்.

பின்னால் சத்தம் கேட்டது. ஜெயசீலி ரீச்சர் அவசரமாய்ப் போவதைக் கண்ட சனம் அவளுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இருநூறு பேர் இருக்கும். எல்லார் கையிலும் போன். முன்னுக்குத் தவயோகன்.

"அக்கா, அங்கையும் ஏதும் இருக்கோ?"

காட்டுவதுதான் அவள் வேலை. பன்னிரண்டு வருடமாய் அவள் செய்தது அது ஒன்றுதான். இங்கை வந்து பாருங்கோ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். கான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. வெடிப்பு இன்னும் கொஞ்சம் ஓடியது.

ஜெயசீலி வாயை மூடினாள். எழும்பினாள். நாலு அடி மேற்குப் பக்கமாய் ஓடி, இடது காலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று மணலில் விழுந்தாள்.

"ஐயோ, என்ரை கால்."

சனம் அவளிடம் ஓடியது. கிட்ட வர, அவள் எழும்பி நொண்டி நொண்டி இன்னும் கொஞ்சத் தூரம் போய் விழுந்தாள். பிடிக்காதையுங்கோ, நடந்தால் சரிவரும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் எழும்பினாள். தவயோகன் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் ஓடினான். இருநூறு பேரும் ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டு மேற்கே போனார்கள். சனத்தோடு வந்த லூர்த்து அக்கா மட்டும் நின்ற இடத்தில் நின்று, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

உப்புக்கொத்தி நனைந்த நெஞ்சோடு திரும்பி வந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாய் ஒற்றிவிட்டு மேலே இருந்தது.

"எப்படி நடிக்கிறா?" என்று கான் கேட்டது.

உப்புக்கொத்தி கழுத்தை நீட்டி, தூரத்தில் போகிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"பரவாயில்லை. இடது காலிலை தொடங்கினவ, இப்ப வலது காலை இழுக்கிறா. ஒருத்தரும் கவனிக்கேல்லை."